லயத்தில் திறக்காத இதழ்

கண்டியில் உள்ள அட்டைகளுக்கெல்லாம் முகம் பார்த்தே தெரிந்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் அட்டை சேர்தான்.

பல்கலைக்கழக விலங்கியல் பிரிவில் அவர் சிரேஷ்ட விரிவுரையாளர். ஆராய்ச்சிக்காகத் தம் கால்களையே கடிக்கக் கொடுத்தவர். ஒருமுறை விரிவுரையாளர் கூட்டத்தின் நடுவே அவரது காலுறையிலிருந்து ஓர் அட்டை இறங்கி, பீடாதிபதியை நோக்கி நகர்ந்தது.

"பயப்படாதீங்க சேர், அது சாப்பிட்டிருச்சு" என்றார்.

ஹந்தானையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள், அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசும் கலவைகளைச் சோதித்து, அவரிடம் வேலை பார்த்த நானும் அவரும் ஒரு கட்டுரை எழுதினோம். பெரிய வெளிநாட்டு இதழொன்றில் அது வந்தால் அவருக்குப் பேராசிரியர் பதவி ஏறக்குறைய நிச்சயம். ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்ததால், அதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே அந்த இதழ் திறக்கும். எல்லோருக்கும் திறந்துவிட அவர்கள் கேட்ட கட்டணத்தைச் சொன்னேன்.

"ஃபஸ்லியா, கட்டுரைய போடத்தானே கேட்டோம்? அச்சகத்தையே வாங்கவா கேட்டோம்?"

"நம்மட கெம்பஸ்ல சும்மாவே தொறக்குது தானே சேர்?"

"கெம்பஸ்ல அட்டை இல்லையேம்மா."

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு ஹந்தானைக்கு பஸ் ஏறினார். கலவையை எங்களுக்குச் சொல்லித்தந்த செல்வமணி அக்கா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்றார். அந்த இதழின் பழைய கட்டுரை ஒன்றை அக்காவின் போனிலேயே திறக்கச் சொன்னார் சேர். பணம் கட்டச் சொல்லித் திரை கார்ட் இலக்கம் கேட்டது.

"ஏன் சேர், எங்க கால்ல கடிச்ச கதைய படிக்க எங்ககிட்டயே சல்லி கேக்குறாங்களா?"

சேர் தம் காலில் ஏறிய அட்டையைக்கூடத் தட்டிவிடவில்லை.

அன்று மாலையே கட்டுரை வேறோர் இதழுக்குப் போனது. கட்டணம் இல்லை, பூட்டும் இல்லை, தமிழ்ச் சுருக்கமும் போடலாம். ஒழுங்காகப் பரிசோதிக்கும் இதழ்தான், ஆனால் பதவி உயர்வுக்கு அதில் புள்ளி குறைவு.

"உங்களுக்கென்ன பைத்தியமா சேர்?" என்று கத்தினேன். கட்டுரை வந்தது. பதவி வரவில்லை. சிரேஷ்ட விரிவுரையாளராகவே ஓய்வுபெற்று வத்தேகமைக்குப் போய்விட்டார்.

போன மாதம் ஹந்தானைக்குப் போயிருந்தேன். பக்கத்து லயத்துப் பெண்களுக்கு, வெடித்த திரையில் அந்தச் சுருக்கத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் செல்வமணி அக்கா. என்னைக் கண்டதும் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எங்க புரொபசர் எழுதினது மிஸ்!"

நான் திருத்தவில்லை. எனக்கும் அவர் புரொபசர்தான்.