ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு தெரு

பள்ளிக்கூடங்களை எடைபோடுகிறவர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் எல்லாம் பலூனுக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது, காகிதத் தட்டில் ஆறிப்போன பீட்சாவை ஏந்தியபடி உங்கள் பக்கமாக நகர்ந்து வருவார். வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை, உங்கள் காரைப் பற்றி ஒரு வார்த்தை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க எந்தப் பள்ளிக்கூடம்?" என்பார். நீங்கள் பதில் சொன்னதும் "ஓ..." என்று ஒன்று இழுப்பார் பாருங்கள், அந்த இழுவையிலேயே உங்கள் வீடு, உங்கள் பிள்ளை, உங்கள் பிள்ளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதியாகிவிடும்.

எங்கள் ஊர் ஓஹையோவில் ஒரு புறநகர். ஊருக்கு ஐந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள். ஐந்துக்கும் ஒரே கல்வி அதிகாரி, ஒரே பாடப்புத்தகம், ஒரே மஞ்சள் பேருந்து. வெள்ளிக்கிழமை மதியம் ஐந்திலும் வைக்கும் அந்தச் சதுரப் பீட்சாகூட ஒரே சமையலறையில் வேகிறது. ஆனால் இணையத்தில் எவனோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறான். ஹெரன் பாண்ட் பள்ளிக்கு ஒன்பது. ஸ்டில்வெல் பள்ளிக்கு ஏழு. எந்த வீட்டில் குடியிருக்கிறோமோ அதை வைத்துத்தான் இங்கே பள்ளி ஒதுக்குவார்கள். இரண்டுக்குமான எல்லை, நாங்கள் குடியிருக்கும் டாமராக் தெருவின் நட்டநடுவே ஓடுகிறது. ஒற்றைப்படை வீடுகளுக்கு ஏழு, இரட்டைப்படை வீடுகளுக்கு ஒன்பது. தெருவின் அகலம் பதினைந்து தப்படி.

எங்கள் தெருவின் எடைபோடுகிறவர் ப்ரென்ட் ஹோல்கம், என் அடுத்த வீட்டுக்காரர். அவருடைய துரதிர்ஷ்டம், எங்கள் இருவர் வீடும் ஒற்றைப்படை. அவருடைய மகள் நோரா ஸ்டில்வெல்லில் பாலர் வகுப்பை முடித்திருந்தாள். அவளுக்கு அந்தப் பள்ளியில் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு அந்தண்டை வீட்டு எலைஸும் அவளும் காலையில் கைகோத்துக்கொண்டு நடந்து போவார்கள், மாலையில் கைகோத்துக்கொண்டு நடந்து வருவார்கள். ஒருத்தியின் தொப்பி எப்போதும் மற்றவள் தலையில் இருக்கும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண் அட்டவணை படிக்கத் தெரியுமா?

ப்ரென்டுக்குத் தெரியும். ஐந்து பள்ளிகளையும் அவர் நேரில் போய்ப் பார்த்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்கள். நூலகத்தில் அலமாரிகளை எண்ணினார், நடைவழியை மோந்து பார்த்தார், ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று தலைமையாசிரியையிடம் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் வரை கேட்டார். வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, வந்து போகும் கார்களின் வயதைக்கூடக் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கணினியில் நாற்பத்தொரு கட்டங்களாக ஏற்றி, கட்டத்துக்கு ஒரு வண்ணம் பூசி, வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

"நான் ஸ்டில்வெல்லைக் குறை சொல்லலை. நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனா..." என்றார்.

எடைபோடுகிறவர் வாயில் இந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஸ்டில்வெல்லுக்கு நெடுஞ்சாலையோரத்து வாடகைக் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அதை அவர் அப்படிச் சொல்லமாட்டார். "அங்க எல்லா மாதிரிப் பிள்ளைங்களும் இருக்காங்க. அது ரொம்ப நல்ல விஷயம். நோராவுக்குத்தான் ஒத்துவருமான்னு பாக்கறேன்" என்பார். அந்த நல்ல விஷயம் தன் மகளுக்குப் பக்கத்தில் உட்காராமல் இருந்தால் போதும் அவருக்கு. அவர் வீட்டுப் புல்தரையில் அப்போதே ஒரு பலகை நட்டிருந்தது. 'இங்கே எல்லோருக்கும் நல்வரவு.'

போன கோடையில் எதிர்வரிசையில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. இருந்த வீட்டைவிட ஒரு படுக்கையறை குறைவு, கூரை ஒழுகல், நிலவறையில் பூஞ்சை. ப்ரென்ட் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார். சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர்கள், எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். அவர் எதிரே கையைக் காட்டினார். அவர்கள் கையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், சோபாவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். கடைசியாக ப்ரென்ட் அந்தப் பலகையைப் பிடுங்கித் தன் கையாலேயே கொண்டுபோய் எதிர்ப்புறம் நட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது.

அவருடைய பழைய வீட்டை வாங்கியவர் ஜோன் விட்டேக்கர் என்ற அம்மாள். என்ன வேலை பார்க்கிறார் என்கிறீர்கள்? ஆசிரியை. எங்கே? ஹெரன் பாண்டில். ஒன்பது மதிப்பெண் வாங்கிய அதே பள்ளியில் பதினோரு வருடமாக முதல் வகுப்பு நடத்துகிறார். எந்த வீட்டில் இருந்தாலும் ஆசிரியர்கள் தங்கள் பிள்ளையைத் தங்கள் பள்ளியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தன் மகன் தியோவை அவர் ஸ்டில்வெல்லில் சேர்த்திருந்தார்.

இது தெரிந்த அன்று ப்ரென்டின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் தெருவைக் கடந்து நேராக அந்த அம்மாளிடம் போனார்.

"ஜோன், நீங்க அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே இருக்கறவங்க. பையனை எதுக்கு ஸ்டில்வெல்லுல போட்டீங்க?"

"நடந்து போற தூரம்தானே."

"அது சரிங்க. நிஜமான காரணம் என்ன?"

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "காலையில பத்து நிமிஷம் கூடத் தூங்குவான்."

மனிதர் இதை நம்புவாரா? என்னிடம் வந்து, "அந்தம்மா எதையோ மறைக்கிறாங்க" என்றார். கணினியில் நாற்பத்திரண்டாவதாக ஒரு கட்டம் சேர்த்தார். அதன் தலைப்பு என்ன என்று கேட்டேன். காட்ட மறுத்துவிட்டார்.

பள்ளி திறந்தது. ஒன்பது மதிப்பெண் பள்ளி தொலைவில் இருப்பதால் நோராவுக்குப் பேருந்து. எதிர்ப்புறம் பேருந்துக்காக ப்ரென்டும் அவளும் நிற்பார்கள். இந்தப் பக்கம் எலைஸும் தியோவும் கதவைத் திறந்துகொண்டு வந்து, எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து போவார்கள். முதல் வாரம் எலைஸ் கையசைத்தாள், நோராவும் அசைத்தாள். மூன்றாவது வாரத்தில் எலைஸின் தொப்பி தியோவின் தலையில் இருந்தது. நோரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் ஜோன் அம்மாள் காரை வெளியே எடுத்து, நோராவைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார். நோரா இப்போது அவருடைய வகுப்பில்தான் படிக்கிறாள்.

"அப்பா, எங்க டீச்சருக்குத்தானே எல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆமாடா கண்ணு. அவங்கதான் ஊர்லயே நல்ல டீச்சர்."

"அவங்க பையனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் போதும்னா, எனக்கு ஏன்ப்பா போதலை?"

ப்ரென்ட் அவள் முதுகுப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார். பேருந்து வந்தது. நோரா ஏறி, எங்கள் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ப்ரென்ட் கையில் காப்பிக் குவளையோடு அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். எனக்கு அந்த மனிதர்மேல் அன்றைக்குத்தான் முதல்முறையாக இரக்கம் வந்தது. அந்த இரக்கமும் சாயங்காலமே கெட்டுப்போயிற்று. பக்கத்து ஊரில் பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளி ஒன்று இருக்கிறதாம், எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டு வந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஜோன் அம்மாள் மகனைச் சேர்த்த பள்ளி எது என்று சொன்னபோது, அப்படியானால் ஸ்டில்வெல்தான் உண்மையில் நல்ல பள்ளியோ என்று உங்கள் மனம் ஒரு நிமிஷம் தராசைத் தூக்கவில்லை? உங்களைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? என் பிள்ளைகள் ஸ்டில்வெல்லில் படித்து முடித்துப் பன்னிரண்டு வருடமாகிறது. போன செவ்வாய்க்கிழமை அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்னும் ஏழுதான் போட்டிருக்கிறான் பாவி.