உதட்டில் ஒட்டிய எண்

என் பழைய சோபாவுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று அன்று சபதம் எடுத்தேன். அதில் சாய்ந்தபடியேதான்.

மனைவி எவுலாலியாவை எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்கு உண்டு. சத்தம் மட்டும் வராது. உதட்டுக்குள்ளேயே திட்டிக்கொள்வேன். முப்பது வருஷத்தில் ஒரு சொல்கூட அவள் காதுக்கு எட்டியதில்லை.

எங்கள் மெக்சிகோ நகரத்தில் ஞாயிறு காலையில் நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே ஒரு வண்டி வரும். "பழைய மெத்தை, அடுப்பு, சோபா வாங்குகிறோம்!" என்று அன்றும் ஒலிபெருக்கியில் அலறி, கூப்பிட வேண்டிய எண்ணையும் சொல்லிவிட்டு முனை திரும்பியது.

என் சோபாவை எப்போது விற்கலாம் என்று காத்திருந்த எவுலாலியா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை சோளமாவு. போனைத் தொட முடியாது. முணுமுணுத்துக்கொண்டே குழாய்க்கு ஓடினாள்.

"ரெண்டு எட்டு, ஆறு மூணு, ஒம்போது நாலு, ஏழு ஒண்ணு... ரெண்டு எட்டு..."

வாயில் ஓடும்வரைதான் எண்ணுக்கு உயிர். வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் தீர்ந்தது. முட்டை வாங்கப் போய் சோப்போடு திரும்புகிறவனுக்கு இது தெரியாதா?

"எவுலாலியா, உங்கம்மா பிறந்தநாள் என்னிக்கு?"

"ஆறு மூணு... மார்ச் பத்தொம்போது! அதுகூடவா ஞாபகமில்ல? ஒம்போது..."

"விருந்துக்கு எத்தனை பேரு?"

"பதினாலு. சும்மா இருங்க! ஒம்போது நாலு..."

"போன வருஷம் உங்கம்மா மட்டும் பதினொரு தமால் கொழுக்கட்டை தின்னாங்கல்ல?"

"எங்கம்மா தின்னதை எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

அவ்வளவுதான். என் பரம்பரையையே வரிசையில் நிறுத்தித் திட்டினாள். திட்டி முடித்து வாயைத் திறந்தால் எண் இல்லை.

"ஐயோ, போச்சே!"

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். ஸ்பிரிங் குத்தாத பள்ளத்தில் சுகமாகப் புதைந்தேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன எண் அவளை விட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. ரெண்டு எட்டு, ஆறு மூணு என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

எவுலாலியா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். மடியில் போன். என் முகத்தையே ஆசையாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ஹலோ, வண்டியா? ஒரு சோபா இருக்கு. திரும்பி வாங்க."

தூக்கிவாரிப் போட்டது. "எண்ணு எப்படிக் கிடைச்சுது?"

"நீங்கதான சொன்னீங்க."

"நான் வாயே திறக்கலையே!"

"உதடு அசைஞ்சுதே. முப்பது வருஷமா அதைத்தான படிச்சுக்கிட்டிருக்கேன்."

முப்பது வருஷத்தில் உதட்டுக்குள் சொன்னதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். எழுந்து, வண்டிவரைக்கும் சோபாவை நானே தூக்கிக்கொண்டு போனேன்.