பின்கட்டு ஜன்னலின் மூங்கில் தாள்

இந்த ஆண்டு கிம்ஜாங்குக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானம் என் மனத்துக்குள் ஒருமனதாக நிறைவேறியது.

குளிர்காலம் முழுமைக்கும் கிம்ச்சி ஊறுகாய் போட்டு வைக்கும் நாள்தான் கிம்ஜாங். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, உப்பில் ஊறிய முட்டைக்கோஸின் இதழ்களுக்கிடையே மிளகாய் மசாலாவை அப்புவார்கள், வாய் ஓயாது. ஆண்கள் மூட்டை சுமப்பார்கள், வாய் திறவாது. என் மனைவி மியோங்ஜாவின் அக்காள் சுன்ரே வீட்டில் ஆண்டுதோறும் இது நடைபெறும். அங்கே மூட்டைக்காரன் நான். அதன்பின் வசந்தம் வரும்வரை என் இடுப்பு என்னோடு பேசாது.

காரணம் ஒன்று வேண்டுமே! உடல்நலக் குறைவு செல்லாது. அதைச் சென்ற ஆண்டே செலவழித்துவிட்டேன். அப்போது கண்ணில் பட்டது பின்கட்டு ஜன்னல். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும் நீண்ட இடம் அது. எதிர்க் கட்டடத்தார் பார்வை படாதிருக்க, முன்பு குடியிருந்தவர்கள் மூங்கில் படம் போட்ட மறைப்புத் தாளைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்தார்கள். வெயிலில் வெந்து மூங்கில் பழுத்துவிட்டது. பட்டப்பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டும். அதை உரிக்கும்படி மியோங்ஜா கேட்காத மாதமில்லை.

அரை மணியில் உரித்துவிடலாம். எஞ்சிய பகல் முழுவதும், அடியில் சூடேற்றிய தரையில் படுத்து, கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்தாடும் பாதுக் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். இதுவே திட்டம்.

"யுரிம் அம்மா," என்று வழக்கம்போல் பிள்ளை பெயரிட்டு மியோங்ஜாவை அழைத்தேன். "சனிக்கிழமை அந்தத் தாளை உரிச்சுடறேன்."

"சனிக்கிழமை கிம்ஜாங்."

"அன்னிக்குத்தான் நல்ல வெயில். வெயில்லதான் பசை இளகும்."

"ஞாயித்துக்கிழமை சூரியனுக்கு லீவா?"

"அன்னிக்கு மேகமாம். அதுவும் இல்லாம, இதைத் தொட்டா அன்னிக்கே முடிக்கணும். பாதியில விட்டா பசை கல்லாயிடும்."

"அப்படியா? தொட்டா முடிச்சே ஆகணுமா?"

"கட்டாயம்."

"சரி, நீங்களே சொல்றீங்க. செய்யுங்க."

இத்தனை எளிதில் அவள் இணங்கியதை நான் ஐயுற்றிருக்க வேண்டும். மாறாக, மகிழ்ந்தேன்.

சனிக்கிழமை அவள் புறப்பட்டுச் சென்றதும், தலைமுடி உலர்த்தும் கருவியால் தாளின் ஒரு மூலையைச் சூடாக்கினேன். மூலை எழுந்தது. இழுத்தேன். தபால் தலை அளவுக்கு ஒரு துண்டு கையோடு வந்தது. அதிலும் மேல்தோல்தான் வந்தது. அடித்தோல் வெள்ளை வெளேரென்று கண்ணாடியிலேயே நின்றது. சோப்புத் தண்ணீர் தெளித்தேன். அதன்மேல் பிளாஸ்டிக் உறையை விரித்து ஊறவைத்தேன். பிளேடு பொருத்திய சுரண்டியால் சுரண்டினேன். பசை விரலில் ஒட்டியது, காலுறையில் ஒட்டியது, புருவத்திலும் ஒட்டியது. இத்தனைக்கும் கண்ணாடியில் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

நண்பகலில் மியோங்ஜா வீடியோவில் அழைத்தாள்.

"எவ்வளவு ஆச்சு, யுரிம் அப்பா?"

"முதல் கண்ணாடியில பாதி. அங்க மூட்டையெல்லாம் தூக்கியாச்சா?"

"மூட்டையா? இந்த வருஷம் அக்கா கடையிலேருந்தே ஊறவெச்ச கோஸை வரவழைச்சுட்டா. வாசல்லயே கொண்டுவந்து இறக்கிட்டாங்க. வேலை எப்பவோ முடிஞ்சுபோச்சு."

அவளுக்குப் பின்னால் என் சகலை தெரிந்தார். அவித்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி வாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். மறுகையில் மக்கொல்லி என்னும் அரிசிக் கள், கிண்ணம் நிறைய.

"சகலை! வாங்களேன்! கறி வெண்ணெயா கரையுது!"

"இதோ கிளம்பிட்டேன்!"

"எங்க கிளம்பறீங்க?" என்றாள் மியோங்ஜா. "பசை கல்லாயிடுமே!"

"ஆகாது."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னா நம்பிடறதா?"

"கட்டின புருஷன் சொன்னதை நம்பாம?"

சகலைக்குப் புரையேறியது.

"ஊறவெச்ச கோஸ் வரப்போவுதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன மாசமே அக்கா சொல்லிட்டா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க ரொம்ப ஆசையா தாள் உரிக்கணும்னீங்க. ஆசையைக் கெடுக்கலாமா?"

அழைப்பு அணைந்தது. நான் சுரண்டினேன். ஆத்திரத்துக்கு ஒரு பயன் உண்டென்று அன்று அறிந்தேன்: பசை அதற்குத்தான் பணிகிறது. பொழுது சாயுமுன் கடைசிக் கண்ணாடியும் பளிங்குபோல் ஆயிற்று.

கதவு திறந்தது. கிம்ச்சி டப்பாக்களோடு மியோங்ஜா வந்தாள். கூடவே அவள் அக்காளும் வந்தாள். பாராட்டை ஏற்க நான் சுரண்டியும் கையுமாக நிமிர்ந்து நின்றேன். சுன்ரே என்னைப் பார்க்கவில்லை. மேற்கு வெயில் தரை முழுவதும் விரிந்து கிடந்த பின்கட்டைப் பார்த்தாள்.

"அடேயப்பா! இது இவ்வளவு பெரிய இடமா? குழாய் இருக்கு. தரையில வடிகால்கூட இருக்கு."

"நான்தான் சொன்னேனேக்கா. இருட்டு ஒண்ணுதான் குறை. அதையும் இவர் தீர்த்துட்டார்."

"அப்ப அடுத்த வருஷத்துலேருந்து கிம்ஜாங் இங்கதான்டி. கோஸையும் நாமளே ஊறவெச்சுக்கலாம். வாங்கினதுல உப்புத் தூக்கல்."

"மூட்டையெல்லாம் யாருக்கா மேல கொண்டுவர்றது?"

"ஏன், மாப்பிள்ளை வீட்டுலதானே இருப்பார்!"

நான் குப்பைப் பைக்குள் கைவிட்டு, கிழியாத மூங்கில் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன்.