ஆர் டிரைவில் ஒருவருக்கு மட்டும் தடை

"எல்லாருக்கும் தெரியணும். ஒரே ஒருத்தர் கண்ணுல மட்டும் படக்கூடாது. அப்படி ஒரு டிரைவ் போட முடியுமாப்பா?" என்று கதவைச் சாத்திவிட்டு மேனேஜர் கேட்டார்.

"போட்டுடலாம் சார். யார் கண்ணுல படக்கூடாது?"

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். "அது... ஸ்டோர்கீப்பர்" என்றார்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பையனுக்கு ஆபீசில் பட்டப்பெயர் 'பாஸ்வேர்டு'. யார் எந்த ஃபைலைத் திறக்கலாம், யார் தொடவே கூடாது என்பதெல்லாம் அவன் கையில்தான். அவன் வேலை மட்டும் மூன்று வருஷமாகத் தற்காலிகம். இன்று மாலை ஐந்து மணியோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் ஒரு பிடிவாதம், அடுத்தவர் ஃபைலை எட்டிப் பார்க்கமாட்டான்.

எல்லாரும் ஃபைல் போட்டு எழுதக்கூடிய பொது டிரைவ் ஒன்றை ஆர் என்ற பெயரில் போட்டு, எல்லார் கம்ப்யூட்டரிலும் தெரியவைத்து, ஸ்டோர்கீப்பரை மட்டும் விலக்கினான். பத்தே நிமிஷத்தில் அவர் வந்து நின்றார்.

"எல்லாருக்கும் ஆர் இருக்கு, எனக்கு மட்டும் இல்லையே. நான் என்ன தம்பி பாவம் பண்ணேன்?"

குரல் உடைந்துவிட்டது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. அவரைச் சேர்த்துவிட்டு மேனேஜரிடம் ஓடினான்.

"அப்ப டெஸ்பாட்ச் அக்காவைத் தடுத்துடு."

டெஸ்பாட்ச் அக்கா அழுகிற ரகமில்லை. "இருபது வருஷமா இருக்கேன், எனக்கே பூட்டாடா?" என்று மாடி அதிர வந்தார். அவரையும் சேர்த்தாயிற்று.

"சரி, வாட்ச்மேன்" என்றார் மேனேஜர்.

"அவர்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே சார்!"

"அதனாலதான் சொல்றேன். நல்லா தடு."

இல்லாதவரைத் தடுக்க வழியில்லை. வாட்ச்மேனுக்கு முதலில் ஒரு லாகின் கணக்கைத் திறந்து, வழக்கம்போல 'அனைவரும்' குழுவில் சேர்த்தான். அவசரத்தில் தடையை வாட்ச்மேனுக்குப் போடாமல் குழுவுக்கே போட்டுத் தொலைத்தான். மணி நாலரை. நாற்பது பேர் திரையிலும் 'அனுமதி இல்லை'.

மொத்த ஆபீசும் அவன் மேஜையைச் சூழ்ந்துகொண்டது.

"திறந்துவிடுப்பா, சீக்கிரம்!"

"அதுல இருக்கிறது அஞ்சு மணிக்குள்ள ஹெட் ஆபீசுக்குப் போகணும்!" என்று மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வேலை போனது போனதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு தடையை நீக்கினான். நாலு ஐம்பதுக்குத் திறந்தது. அத்தனை பேரும் இருக்கைக்கு ஓடினார்கள். மேனேஜர் மட்டும் குனிந்து, "உள்ள பார்த்தியா?" என்றார்.

"சத்தியமா இல்ல சார்."

ஐந்தேகாலுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை ரிசப்ஷன் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தாள்.

"பையை வைங்கண்ணா, உங்களை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நாங்க ஆர் டிரைவ்ல ஆளுக்கொரு வரி எழுதின லெட்டருக்கு ஹெட் ஆபீஸ் சரின்னுடுச்சு, உங்க கண்ணுல படாம அதை ஒளிச்சு வைக்கவும் உங்களையேதானே கேக்க வேண்டியிருந்துது!"