இரவல் போன அடைக்கோழி

எங்கள் கல்யாண விருந்தில், ஹாலந்திலிருந்து வந்து குடியேறிய பீட் மாமா எழுந்து நின்று பேசினார். பாதி டச்சு, பாதி ஆங்கிலம், இரண்டுக்கும் நடுவே நிறைய பீர். "புருஷன் ஆனவன் ரெண்டு பேரைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது. ஒண்ணு, மாமியார். ரெண்டாவது..." அந்த இரண்டாவது ஆள் யார் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. பந்தலே சிரித்ததில் காதில் விழாமல் போயிருக்கலாம். மாமா இப்போது உயிரோடு இல்லை, கேட்கவும் வழியில்லை. ஆனால் இந்த ஜூலைக்குப் பிறகு, அது ஒரு கோழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம்.

இருபது வருஷம் மெல்பர்னில் உழைத்துவிட்டு, டாஸ்மேனியாவில் ஹுவான் ஆற்றோரம் நான் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவன் நான். மிச்சக் காலத்தை நிதானமாக யோசித்து வாழ வேண்டும் என்பது திட்டம். யோசிக்க உகந்த இடம் சமையலறையில் கணப்புக்குப் பக்கத்து நாற்காலி. உகந்த வேளை காலை. ஆகவே குளிர்காலக் காலைகளில் நான் யோசிப்பேன், என் மனைவி லோர்னா உறைபனியை மிதித்துக்கொண்டு போய்க் கோழிக்கூட்டைத் திறப்பாள்.

"நாளைக்கு ஒரு நாள் நீ போயிட்டு வாயேன், கெரிட்."

"யோசிக்கிறேன்."

அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. நல்ல குடும்பம்.

அப்போதுதான் மேபல் அடைக்கு உட்கார்ந்தாள். மேபல் எங்கள் வெள்ளைப் பட்டுக்கோழி. குளிக்கப் போகும் சீமாட்டி தலையில் பஞ்சுத் தொப்பி வைத்த மாதிரி இருப்பாள். ஊரில் மற்றக் கோழிகள் எல்லாம் வசந்தம் வந்து, ஆப்பிள் பூத்து, அதன் பிறகுதான் அடையைப் பற்றி நினைக்கும். இவளுக்கு ஜூலைத் தொடக்கத்தில், எங்கள் ஊர் நடுக்குளிரில், தாய்மை பொங்கிவிட்டது. முட்டைகூட இல்லை. மற்றக் கோழிகளை ஏமாற்ற லோர்னா கூட்டில் போட்டு வைத்திருந்த கோல்ஃப் பந்தின் மேல் உட்கார்ந்து, கிட்டே போனால் உறுமினாள்.

அன்றிரவு என் படுக்கை ஜில்லென்று இருந்தது.

"லோர்னா, என் வெந்நீர்ப் பை எங்கே?"

"மேபலுக்குக் கீழே."

"அது என்னோடது."

"அவளுக்குக் குளிருது."

"எனக்குக் குளிரலையா?"

"நீ என்ன பந்து மேலயா உக்காந்திருக்கே?"

மறுநாள் என் கம்பளி மேலங்கி கூட்டின் ஓட்டையை அடைத்தது. அதற்கு மறுநாள் சூடான பாலில் ஓட்ஸ் கஞ்சி கிளறும் வாசனை வந்தது. கிண்ணத்தோடு மேசையில் உட்கார்ந்தேன். கஞ்சி என்னைக் கடந்து கொல்லைப்பக்கம் போயிற்று. எனக்கு நேற்றைய ரொட்டி.

கோழியோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். கோழியைத் தொடர்ந்து மெர்வின் வந்தார்.

மெர்வின் பக்கத்துத் தோட்டக்காரர். மனைவியை இழந்தவர், மீசையை இழக்காதவர். அவருடைய ஆர்ப்பிங்டன் கோழிகள் கண்காட்சிக்குக் கண்காட்சி பரிசு வாங்கும், ஆனால் அடைக்கு உட்காராது. கண்காட்சிக்குள் வளர்ந்து பரிசு வாங்க வேண்டுமானால் குஞ்சு ஜூலையிலேயே பொரிந்தாக வேண்டும். குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தை, காற்றடித்தால் மின்சாரம் போகும் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆகவே குளிர்காலத்து அடைக்கோழி என்றால் அவருக்கு உயிர். மேபலுக்கு அடைவைக்க ஒரு கூடை முட்டையோடு வந்தவர், தினமும் வர ஆரம்பித்தார். கூட்டை எட்டிப்பார்க்க ஒரு நிமிஷம். எங்கள் சமையலறையில் ஒரு மணி நேரம். அதுவும் என் நாற்காலியில்.

"உன் கைராசி, கண்ணு. மேபல் மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததே இல்ல" என்பார் லோர்னாவிடம். அவர் என் மனைவியையும் கண்ணு என்பார், கோழியையும் கண்ணு என்பார், பெட்ரோல் பங்க்கில் நிற்கும் அம்மாளையும் கண்ணு என்பார். நான் மட்டும் தம்பி.

லோர்னா ஸ்கோன் சுட்டாள், வெண்ணெய் தடவித் தின்னும் குட்டி ரொட்டி. வாரத்தில் ஒரு நாள் சுடுகிறவள் தினமும் சுட்டாள். மெர்வின் போகிற வரை அது தட்டில் அடுக்கி இருக்கும். அவர் போன பிறகு தட்டு இருக்கும்.

யோசித்தேன். இத்தனை நாள் யோசித்த பழக்கம் கைகொடுத்தது. கோழி அடையை விட்டு எழுந்தால் மெர்வினும் நாற்காலியை விட்டு எழுவார்.

"மேபலைக் கம்பி அடிபோட்ட கூண்டுல ரெண்டு நாள் வைப்போம்" என்றேன். "வயித்துல காத்துப் பட்டா அடை தெளிஞ்சிடும். எல்லாரும் செய்றதுதான்."

"கோடையில செய்றது. இந்தப் பனியிலயா?"

"அதுக்குத்தான் உடம்பு முழுக்க இறகு இருக்கே."

"சரி. முதல்ல நீ ஒரு ராத்திரி அந்தக் கூண்டுல படு. உனக்குத் தெளியுதான்னு பாக்கலாம்."

திட்டம் ஒன்று முடிந்தது. திட்டம் இரண்டு இன்னும் நுட்பமானது. மெர்வின் வரும்போது நானே கதவைத் திறந்து, என் நாற்காலியில் நானே அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

"மெர்வ், முட்டை உங்களோடது. குஞ்சும் உங்களோடது. தினமும் இந்தக் குளிர்ல நீங்க எதுக்கு அலையணும்? கோழியை இரவல் எடுத்துட்டுப் போங்க."

அவர் லோர்னாவைப் பார்த்தார். லோர்னா ஸ்கோனுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவா சொல்றே, தம்பி?"

"அக்கம்பக்கம்னா இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"கெரிட்டுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றாள் லோர்னா.

இருட்டத் தொடங்கியதும் மேபலை அவள் உட்கார்ந்த பெட்டியோடு, முட்டைகளோடு, என் வெந்நீர்ப் பையோடு தூக்கி மெர்வினின் கொட்டகையில் வைத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை கணப்புக்குப் பக்கத்தில், என் நாற்காலியில், வெற்றியோடு உட்கார்ந்தேன். லோர்னா ஸ்கோனைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். உதட்டில் லேசாகச் சாயம்.

"எங்கே கிளம்பிட்டே?"

"மெர்வ் வீட்டுக்கு."

"எதுக்கு?"

"மேபலை இறக்கிவிட. இரவல் கொடுத்தா உடையவங்கதானே தினமும் போகணும்? கூட்டை விட்டு இறக்கி, தீனி வெச்சு, தண்ணி காட்டி, கழியவிட்டு, முட்டை ஆறுறதுக்குள்ள திரும்ப உக்காரவைக்கணும். பழகின கையில்லேன்னா அவ எழுந்திருக்க மாட்டா. உனக்குத் தெரியாதா? ஊர் வழக்கமாச்சே."

இருபது வருஷத்தில் தெருப்பெயர்களை மறக்கவில்லை. இதை மறந்திருந்தேன்.

"எத்தனை நாளைக்கு?"

"குஞ்சு பொரியற வரைக்கும். இன்னும் ரெண்டு வாரம்."

முதல் நாள் கன்னம் சிவந்து திரும்பி வந்தாள். பனி என்றாள். இரண்டாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, மெர்வ் ஒரு கதை சொன்னார் என்றாள். என்ன கதை? சொன்னால் உனக்குச் சிரிப்பு வராது என்றாள். அன்று முழுதும் எனக்கு யோசனையே ஓடவில்லை. கொட்டகையில் குனிந்திருக்கும் லோர்னாவும், லாந்தரைத் தூக்கிப் பிடித்திருக்கும் மீசையும்தான் கண்முன்னால்.

மூன்றாம் நாள் அவளுக்கு முன்னால் எழுந்து பூட்ஸை மாட்டினேன்.

"இனிமே நான் போறேன்."

"வேண்டாம் கெரிட். நீ யோசிக்கணும்."

"யோசிச்சாச்சு."

"ரொம்பக் குளிரும்."

"நான் பிறந்த ஊர் குளிர் எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. மூக்கு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று புரியாத குளிர். புல் கண்ணாடி மாதிரி காலடியில் நொறுங்கியது. போகிற வழிதானே என்று லோர்னா சொன்னதால் எங்கள் கூட்டையும் திறந்து, வாளியில் உறைந்த தண்ணீரை உடைத்துக் கொட்டி, தீனி போட்டுவிட்டுப் போனேன்.

மெர்வின் கொட்டகை வாசலில் நின்றார்.

"நீயா வந்திருக்கே, தம்பி. சரி, நீ பார்த்துக்கோ. நான் கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்."

மேபலுக்கு என் கை பழகின கையில்லை. மணிக்கட்டில் இரண்டு, கட்டைவிரலில் மூன்று கொத்து வாங்கிய பிறகு வெளியே தூக்கினேன். ஒரு நாள் முழுதும் அடக்கிவைத்ததை ஒரே தவணையில் கழித்தாள். அந்த வாசனையைத் தாங்கும் மனிதன் எதையும் தாங்குவான். முட்டைகள் ஆறிவிடாமல் என் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, அவள் சாவகாசமாக மண்ணில் புரண்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். அந்த வேளையில் உலகத்தில் அடைக்கு உட்கார்ந்திருந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்தேன். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. என் நாற்காலியில் மெர்வின். எதிரே இரவு உடையை மாற்றாமல், போர்வை சுற்றிக்கொண்டு, கையில் தேநீரோடு லோர்னா. கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தை இவ்வளவு ஓய்வாக நான் பார்த்ததில்லை.

"வா தம்பி. ஸ்கோன் சூடா இருந்துது" என்றார் மெர்வின். பிறகு லோர்னாவிடம், "நீ ஜெயிச்சுட்டே, கண்ணு. நான் ஒரு வாரம் ஆகும்னு நெனச்சேன். நீ மூணாம் நாள்னு சொன்னே."

"எது மூணாம் நாள்?" என்றேன்.

மெர்வின் திடீரென்று மீசையைத் துடைக்கத் தொடங்கினார். லோர்னா மறைக்கவில்லை.

"போன குளிர்காலம் முழுக்க உன்கிட்ட கேட்டேன், கெரிட். யோசிக்கிறேன்னே. இந்தக் குளிர்காலம் கேக்கறதை விட்டுட்டேன். நீயா பூட்ஸை மாட்டிக்கிட்டே."

"அப்போ அந்த உதட்டுச் சாயம்?"

"வெடிச்சிருந்துது. மருந்து."

கணப்பில் விறகு வெடித்தது. கொத்து வாங்கிய கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

"நம்ம கோழிங்களையும் திறந்துவிட்டியா?"

"உம்."

"தண்ணி?"

"உடைச்சு மாத்தினேன்."

"பாவம், உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடு" என்றாள் லோர்னா, நிஜமான பரிவோடு. "நாளையிலேருந்து நானே மெர்வ் வீட்டுக்குப் போய்க்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"தாராளமா வா, கண்ணு" என்றார் மெர்வின். "வரும்போதே கெட்டில் கொதிச்சுக்கிட்டு இருக்கும்."

அன்று சாயங்காலம் அலாரத்தை ஆறரைக்கு வைத்தேன்.