ஆள்காட்டி விரலில் நாலாவது கடி

கணினி விடாப்பிடியாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது: கடித்தது எது?

மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் அவளை எல்லோரும் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். கோப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டு எண்ணைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. நாய்க்கடிக்கு ஓர் எண், பூனைக்கடிக்கு வேறு, எலிக்கடிக்கு வேறு. இந்தக் கோப்பிலோ, 'வலது ஆள்காட்டி விரல், கடிகாயம்' என்று கிறுக்கியதோடு டாக்டர் கடையைக் கட்டிவிட்டார். நோயாளியின் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்'.

அன்று சாயங்காலம்தான் அவள் வேலை நிரந்தரமாகுமா என்று மேலாளர் முடிவு செய்யப்போகிறார். கோப்பு தேங்கினால் வம்பு. கடி என்றால் நாய்தானே? நாய் எண்ணைத் தட்டினாள்.

பத்தே நிமிடத்தில் தொலைபேசி அலறியது.

"நாய் பிடிக்கிற பிரிவுலேர்ந்து பேசறோம்மா. வண்டி கிளம்பிடுச்சு. நாய் எந்தத் தெரு?"

நாய்க்கடி என்று ஏற்றினால் தகவல் தானாக அங்கே போய்விடும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. வியர்த்து விறுவிறுத்து நோயாளியைக் கூப்பிட்டாள்.

"சார், உங்களைக் கடிச்ச நாய் எங்க இருக்கு?"

"நாயா? நாயெல்லாம் இல்லம்மா. கைவேலையா இருக்கேன்." வைத்துவிட்டார்.

அவசரமாக நாயை அழித்து, 'பிற பாலூட்டி' என்று மாற்றினாள். இந்தத் தடவை வனத்துறை.

"என்ன மிருகம்? வால் இருந்துச்சா? எந்த சைஸ் கூண்டு கொண்டுவரணும்?"

மறுபடி நோயாளி. "கோவிச்சுக்காதீங்க சார். கடிச்சதுக்கு வால் இருந்துச்சா?"

"வாலா? சரியான வாலும்மா! ஒரு நிமிஷம் ஒரு இடத்துல உக்காரல. அம்மாதான் இழுத்துப் பிடிச்சிட்டிருந்தாங்க."

புதுசு வனத்துறையிடம் சொன்னாள்: "தாயும் குட்டியும் சார். ரெண்டு கூண்டு வேணும்."

அப்புறம்தான் உறைத்தது. மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

"சார், அது... குரங்கா?"

"ஐயையோ, மனுஷக் குழந்தைம்மா! ஆறு வயசுப் பொண்ணு!"

மனிதக்கடி என்று மாற்றியதும் கணினி அடுத்த கேள்வியைப் போட்டது: விபத்தா, தாக்குதலா? பழைய கோப்பைப் புரட்டினாள். ஒரே வருடத்தில் அதே விரலில் இது நாலாவது கடி. ஒவ்வொன்றும் வெவ்வேறு பல்வரிசை! யாரோ இந்த மனுஷனைப் படாதபாடு படுத்துகிறார்கள். 'தாக்குதல்' என்று அழுத்தினாள்.

அரை மணி நேரத்தில் மருத்துவமனையின் ஆலோசகர் அம்மாள் நோயாளியை ஆளனுப்பி வரவழைத்துவிட்டார். விரலில் கட்டோடு, ஒன்றும் புரியாமல் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு புதுசை முறைத்தார்.

"பயப்படாம சொல்லுங்க. வீட்டுல யாராவது கடிக்கறாங்களா?"

"வீட்டுல எதுக்குக் கடிக்கப்போறாங்க? வேலை பாக்கற இடத்துலதான்."

"யார் யாரு?"

"போன மாசம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அதுக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பொண்ணு. பாவம், பயம்."

"கடிச்சவங்களை என்ன செஞ்சீங்க?"

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொன்னேன்."

ஆலோசகரின் பேனா நின்றது. மேலாளர் கட்டிய கையை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். புதுசுக்குத் தன் வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

"இனிமே ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க சார்!"

"கிட்ட விடலைன்னா நான் எப்படிம்மா பொழைக்கறது?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, முகக்கவசம் போட்ட ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"டாக்டர், இங்கயா இருக்கீங்க? அங்க ஒரு கடைவாய்ப்பல் அரை மணி நேரமா வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கு!"