வினாத்தாள் கசிந்த வழி

தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒரு பட்டறை மாடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் நடத்தும் தளவாய், வாரப் பரீட்சை விடைத்தாள்களை மூன்றாம் முறையாகக் கூட்டிப் பார்த்தார். பதினாலு பேரும் பாஸ். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஓர் அசம்பாவிதம் நடந்ததில்லை. வழக்கமாக நாலு பேர் தேறினாலே அன்று வீட்டில் பாயசம்.

வினாத்தாள் அடிக்கவென்று போன வாரம்தான் ஒரு பழைய லேப்டாப் வாங்கி, வாரம் முழுக்க அதில் எழுத்துத் தட்டிப் பழகியிருந்தார். சந்தேகம் நேராக அதன்மேல் விழுந்தது. ஐரோலியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு டென்சிலைக் கூப்பிட்டார்.

"விண்டோஸா அண்ணாச்சி? முக்காவாசிப் பேரு இதைத்தான் வெச்சிருக்கான். வைரஸ் எழுதுறவனும் கூட்டம் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் வலை வீசுவான். நீங்க அப்டேட்டும் போடல."

"அப்ப எதுதான் பத்திரம்?"

"லினக்ஸ். பாஸ்வேர்டு கேக்காம புதுசா எதையும் உள்ள விடாது."

லினக்ஸ் ஏறியது. அது பிரிண்டரையும் உள்ளே விடவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை தளவாய் பிரிண்டரோடு மல்லுக்கட்டினார். சனிக்கிழமை டென்சில் வந்து சரிசெய்த பிறகே வினாத்தாள் வெளியே வந்தது.

அந்தப் பரீட்சையில் கடைசி மார்க் எழுபத்தொன்று.

"லினக்ஸையும் உடைச்சிட்டான்ப்பா" என்றார் தளவாய்.

டென்சிலுக்குத் தொழில் கௌரவம் உறுத்தியது. "எங்கிட்ட பழைய மேக் ஒண்ணு கெடக்கு. டிஸ்க்கையே மொத்தமாப் பூட்டிரலாம். பாஸ்வேர்டு இல்லன்னா செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் தொறக்க முடியாது. ஆனா மீட்புச் சாவின்னு ஒரு நம்பர் காட்டும், அதை எழுதி வெச்சுக்கிடுங்க."

"எழுதி வெச்சா லீக் ஆகும்டே."

இருபத்திரண்டு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தார். இரண்டே நாளில் மறந்தார். வினாத்தாள் உள்ளே, தளவாய் வெளியே. ஒரு வாரம் முழுக்கப் பாஸ்வேர்டைத் தேடி, தன் கல்யாண நாள், மாமியார் பிறந்த நாள் வரை அடித்துப் பார்த்தார்.

டென்சில் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அண்ணாச்சி இது முழுப் பாதுகாப்பு" என்றான்.

சனிக்கிழமை தளவாய் சாக்பீஸை எடுத்தார். அந்த நிமிஷம் தோன்றிய கடினமான பத்துக் கணக்குகளைப் போர்டில் போட்டார். இரண்டு மணி நேரம் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி மார்க் எண்பத்து நாலு. இரண்டு பேர் அவருக்கே தெரியாத குறுக்கு வழியில் போட்டிருந்தார்கள்.

தளவாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைக்குள் இருந்த கணக்கு எப்படி வெளியே போகும்?

அப்போது ஜீன்ஸ் பட்டறையில் தையல் வேலை பார்க்கும் பேராச்சி, கையில் ஸ்வீட் பாக்ஸோடு படியேறி வந்தாள். அவள் மகளுக்குத் தொண்ணூற்றிரண்டு.

"சாரே, உங்களுக்குக் கோயில் கட்டணும்."

"நான் ஒண்ணும் செய்யலையேம்மா" என்றார் தளவாய், மேக்கைப் பார்த்தபடி.

"அதைத்தான் சொல்லுதேன் சாரே. இந்த ஒரு மாசமா நீங்க பாடம் நடத்தாமப் போயித்தான் பிள்ளைய எல்லாம் தானாக் கூடி உக்காந்து படிக்குதுவ. தயவுசெஞ்சு இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் சரி பண்ணிராதீங்க."